பெண்கள் விடுதி நடத்துவோருக்கு: டீ கேனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

சென்னையில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக விடுதி நடத்தும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும், அங்கே அடுப்படியைக் கையில் வைத்திருக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். 31 வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் தொழிலின் சிரமம் தெரியாமல் இதை எழுதவில்லை. என் பெரியம்மா இதே பேட்டையில் பன்னிரண்டு பேருக்கு மெஸ் நடத்தினார். துவரம் பருப்பு விலை ஏறிய வாரம் சாம்பார் எப்படி நீளும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் கூடச் செலவு செய்யுங்கள் என்று பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்ட சத்தை வீணாக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆடி மாதத்தில் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். வேளச்சேரியில் ஒரு விடுதியில் இரண்டு வருடமாக இருக்கிறாள். விடுதியின் பெயர் வேண்டாம். "அத்தை, பறக்கும் ரயில் ஸ்டேஷன் படி ஏறினா மூச்சு வாங்குது. தலை சீவினா சீப்பு நிறைய முடி" என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. பேசிக்கொண்டே அரிசி டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு அதுவே போதும். ஆனாலும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.4. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்த சோகை.

பச்சை அரிசி தின்பது, ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது, விபூதியை அள்ளிப் போட்டுக்கொள்வது எல்லாம் பல சமயம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். உங்கள் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைப் பக்கம் வந்து வந்து போகிற பெண் யார் என்று வார்டன் அக்காவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அவளைத் திட்ட வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள்.

இவள் ஒருத்தியோடு முடிகிற கதையாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருப்பேன். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. நாலு பேர் தங்கும் அறையில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாதிப் பழி எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் உண்டு. டிபனை விட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பவர்களை நீங்கள் என்ன செய்ய முடியும்?

அவள் விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்திர மெனுவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒரு திங்கட்கிழமை: காலையில் மூன்று இட்லி, சாம்பார், டீ. மதிய டப்பாவில் லெமன் சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா என்ற பெயரில் மறுபடியும் உருளைக்கிழங்கு. மாவுச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. புரதத்தைக் கூட்டினேன். இட்லிக்கு 2 கிராம் வீதம் 6, தலைக்குப் பத்து கிராம் பருப்பு போட்ட சாம்பாரில் 2 சொச்சம், சாதத்தில் 7, சப்பாத்தியில் 9 அல்லது 10, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 3. எப்படிக் கூட்டினாலும் 30-ஐத் தொடவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட அளவு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 45 கிராமுக்கு மேல் வேண்டும்.

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பார்த்தசாரதி கோயில் வாசலில் மாலை கட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு சாமந்தி, ஒரு ரோஜா, கொஞ்சம் மரிக்கொழுந்து என்று வரிசை வைத்துக் கட்டும்போது ரோஜா தீர்ந்துவிட்டால் கூடை நிறையச் சாமந்தி இருந்தும் மாலை நின்றுவிடும். உடம்பு புரதம் கட்டுவதும் அப்படித்தான். அரிசி, கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால்தான் மாலை முடியும். மிஞ்சிய அமினோ அமிலங்களை நாளைக்கு என்று எடுத்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும், மிச்சம் எரிந்துபோகும். சாம்பாரைத் தண்ணீராக்கும்போது பருப்பு குறைகிறது, அதோடு சோற்றில் இருக்கும் புரதத்தையும் பாதி வேலைக்கு ஆகாமல் செய்கிறீர்கள். சிப்ஸுக்குப் பதில் ஒரு கை சுண்டல் வையுங்கள். கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு சுண்டலுக்கு சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இப்போது டீ கேனுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுகிற மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட். கடுக்காயில் இருப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். இரண்டும் கூடினால் கறுப்பு. நான் வகுப்பில் பால் ஊற்றாத டீயில் ஒரு சிட்டிகை அன்னபேதியைப் போட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் கண் முன்னாலேயே டம்ளரில் இருப்பது மையாகிவிடும். இதே சங்கதி உங்கள் விடுதிப் பெண்களின் வயிற்றில் தினமும் காலை எட்டு மணிக்கு நடக்கிறது. இட்லியிலும் சாம்பாரிலும் இருக்கிற இரும்பை, கூடவே குடிக்கும் டீயின் டானினும் மற்ற பாலிஃபீனால்களும் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இரும்பு குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகாது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கப் டீ, சேரக்கூடிய இரும்பில் பாதிக்கு மேல் கெடுத்துவிடும். பால் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். காபியும் இதே ஜாதிதான், அளவில் கொஞ்சம் சாது.

இரும்பு ஏற்கெனவே கஷ்டப்பட்டுத்தான் உள்ளே போகிறது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். சொல்வதற்குக் காரணம், நம் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை என்பதுதான். தானியத்திலும் பருப்பிலும் வருகிற இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில் இருக்கும். சிறுகுடலின் முதல் பகுதியில் இருக்கும் வாசல் அதை அப்படியே விடாது. ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஃபெரஸ் ஆனால்தான் உள்ளே அனுமதி. அந்த எலக்ட்ரானைக் கையில் கொடுப்பதில் வைட்டமின் சி-யை மிஞ்ச ஆளில்லை. வயிற்றின் அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குள் வந்ததும் இரும்பு துருபோலப் படிந்துவிடாமல் கரைந்த நிலையிலேயே பிடித்து வைப்பதும் அதுதான்.

அதனால் இரண்டு காரியம். டீயையும் காபியையும் எழுந்த கையோடு ஆறரை மணிக்குக் கொடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பல் துலக்கியதும் காபி, குளித்துவிட்டு டிபன் என்பதுதானே பழைய வழக்கம். டிபன் நேரத்தில் கேன் அங்கே இருக்க வேண்டாம். ஒரு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். இன்னொன்று, எலுமிச்சை. லெமன் சாதத்துக்குப் பிழியும் எலுமிச்சையை அடுப்பில் இருக்கும் தாளிப்பில் ஊற்றாதீர்கள், இறக்கி ஆறிய பிறகு பிழியுங்கள். சூட்டில் வைட்டமின் சி நிற்காது. புளிப்பு மட்டும் மிஞ்சும், அதை நம்பி ஏமாந்துவிடுவோம். கொய்யா விலை இறங்கும் காலத்தில் ஆளுக்குப் பாதி கொய்யாக்காய் போதும், ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. பயறை முளைகட்டினாலும் இல்லாத வைட்டமின் சி உண்டாகும். மாஸ்டருக்கு ராத்திரி ஒரு ஈரத்துணி வேலை, அவ்வளவுதான்.

புளிக்குழம்பை அலுமினிய அண்டாவிலிருந்து இரும்புச் சட்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புளியின் அமிலம் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் கொடுக்கும். அறுபது பேர் சமையலுக்கு அது நடக்காது என்பீர்கள். சரி, விட்டுவிடலாம்.

ரத்த சோகை என்றாலே இரும்பு என்று முடித்துவிட முடியாது. இதற்கு எங்கள் பேட்டையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சேப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் எல்லோரும் சொல்கிற அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. 1931 தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே வேலை பார்த்தார். பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒரு விசித்திரமான சோகையைத் துரத்திக்கொண்டு இந்தியா வந்தவர். அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. அவர்களுக்கு ஈஸ்ட் சத்தான மார்மைட்டைக் கொடுத்தார், தேறினார்கள். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருள்தான் ஃபோலிக் அமிலம். இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து 1941-இல் அந்தப் பெயர் வந்தது, ஸ்பினாச் என்ற கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால்.

அதே ஃபோலிக் அமிலத்தை 1940-களின் நடுவில் அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ். அவர் படித்தது கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஹிந்து உயர்நிலைப் பள்ளியில், எங்கள் பெரிய தெருவில். பிறகு மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தவர். வாலிபத்தில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் விழுந்து பிழைத்தவரும்கூட. பிற்பாடு அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. பெரிய தெரு வழியாகக் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஒரே பேட்டையில் ஒருவர் நோயைப் பார்த்தார், இன்னொருவர் அதன் மருந்தைச் செய்யப் போகிறவராகப் பள்ளிக்கூடம் போனார். இருவரும் இங்கே சந்தித்துக்கொள்ளவில்லை, காலம் வேறு.

உணவில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தை ஃபோலேட் என்போம். அது இல்லாவிட்டால் டி.என்.ஏ.-வுக்கு வேண்டிய தைமிடின் கிடைக்காது. எலும்பு மஜ்ஜையில் செல் வளரும், ஆனால் இரண்டாகப் பிரிய முடியாது. பெருத்த சிவப்பணு வருவது அதனால்தான். உங்கள் மெனுவில் கீரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது. வருகிற அன்றைக்கும் முக்கால் மணி நேரம் கொதித்து, தண்ணீர் வடிந்து, பச்சை போய்ப் பழுப்பாகி வருகிறது. ஃபோலேட் சூட்டில் சிதையும், தண்ணீரோடும் போய்விடும். கீரை வெந்த தண்ணீரை ரசத்தில் ஊற்றுங்கள், கீரையைச் சீக்கிரம் இறக்குங்கள். முருங்கைக்கீரை ஆய ஆள் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை பெண்களிடமே முறத்தைக் கொடுங்கள். டி.வி. முன்னால் உட்கார்ந்து ஆய்ந்துவிடுவார்கள்.

ஃபோலேட்டோடு கைகோத்து வேலை செய்வது பி12. செடி கொடி எதிலும் அது கிடையாது. நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன. நமக்குப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி வழியாக வருகிறது. "சுத்த சைவம்" என்று பலகை மாட்டியிருப்பவர்கள் தயிரில் கை வைக்கக்கூடாது. ஆனால் நான் பார்த்த தயிர், தயிர் என்று சொன்னால் மாடு கோபித்துக்கொள்ளும். பி12-இல் ஒரு தந்திரம் உண்டு. கல்லீரல் அதை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். அம்மா வீட்டுத் தயிரில் சேர்த்தது உங்கள் விடுதியில் மெல்லக் கரைந்து, உள்ளங்கால் மதமதக்கும்போது அவள் வேறு விடுதிக்கோ புருஷன் வீட்டுக்கோ போயிருப்பாள். உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இதில் யாரும் குற்றவாளியாக அகப்படுவதில்லை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் நீங்கள் புழுங்கலரிசிதான் போடுகிறீர்கள், சந்தோஷம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது பி1, அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். பட்டவீயாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைப் பார்த்தார். தவிடு கொடுத்தால் எழுந்து நின்றன. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய்க்கு வழி தெரிந்தது அங்கே. அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. தயமினின் அமைப்பை 1936-இல் கண்டுபிடித்துச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, நீங்கள் பொன்னி அரிசிக்குப் போட்டியாக எங்கிருந்து லாரி லாரியாக அரிசி இறக்குகிறீர்களோ, அந்த நெல்லூரில். மிஷனரிக் குடும்பம்.

குளுக்கோஸ் பாதி எரிந்து பைருவேட் என்ற இடத்தில் நிற்கும். அடுத்த கட்டத்துக்குத் தள்ள தயமின் வேண்டும். சோறு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தயமின் செலவு. புழுங்கலரிசி வாங்கியும் நான்கு தரம் கசக்கிக் கழுவி, வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன பயன்? வடிக்காமல் தண்ணீர் அளந்து வைத்துப் பாருங்கள், கேஸும் மிச்சமாகும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேக மாஸ்டர் போடும் சமையல் சோடாவை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். காரத்தில் தயமின் உடைந்துபோகும். ராத்திரியே ஊறவைத்தால் சோடா எதற்கு?

கேரட், பரங்கி, பப்பாளியின் மஞ்சளில் இருப்பது பீட்டா கரோட்டின். மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ ஆக உடம்பு அதை மாற்றிக்கொள்ளும். எண்ணெய் துளி இல்லாமல் குடலில் ஏறாது. கேரட் சாலட் போடும் அன்று நாலு வறுத்த நிலக்கடலையை மேலே தூவச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக மொட்டை மாடி. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. வெயிலுக்கு நாம் வாடகை கொடுப்பதில்லை. ஆனாலும் வைட்டமின் டி குறைவு இங்கே சர்வ சாதாரணம். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் மேல் புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது உருவாகும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதை முழுமையாக்கி, குடலில் கால்சியம் ஏற வழி செய்யும். அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. கம்பெனி பஸ் கண்ணாடி, ஆபீஸ் கண்ணாடி, நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்தால் திரை போட்ட அறை. மிச்சம் இருப்பது உங்கள் மாடி ஒன்றுதான், அதையும் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எதிர் வீட்டுப் பையன்கள், செல்போன் பேச்சு என்று உங்கள் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. ஒரு பக்கம் தட்டி வைத்து மறைத்து, காலை பத்தரை முதல் பதினொன்று வரை திறந்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகியிருக்கும், கதிர் வந்து சேரும். விடுமுறை நாளிலும் ஷிப்ட் மாறும் நாளிலும் துணி உலர்த்தும் சாக்கில் கால் மணி நேரம் நின்றால் போதும்.

குன்னூரில் 1920-களில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாட்டில் வளர்ந்தவை கொழுகொழுவென்றிருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில் நின்றன. அவருடைய ஆய்வகம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்த எலிகள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நம் இட்லி சாதாரணப் பலகாரம் இல்லை: மாவு புளிக்கும்போது, இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் உடைகிறது, அரிசியோடு உளுந்து சேர்ந்து புரதமும் தேறுகிறது. அதைப் போய் டீயில் நனைத்துக் கெடுக்கிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

யாராவது ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டால் மெனுவைப் பார்த்துத் திருத்தித் தர வருகிறேன். கூலி வேண்டாம், டிபன் வேண்டுமானால் போடுங்கள்.

அண்ணன் மகள் டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கி வருகிறாள். இரண்டரை மாதத்தில் 10.6. அரிசி டப்பா பக்கம் போவதில்லை. அவள் விடுதி அம்மாவிடம் போனில் பேசினேன். மாடிச் சாவியைப் பற்றி யோசிக்கிறேன் என்றார், சுண்டலுக்கு ஒப்புக்கொண்டார். டீ கேன் மட்டும் இன்னும் இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
திருவல்லிக்கேணி.